இரவு தங்க வருகிறவர்களுக்கு: காரைதீவு வீட்டில் ஓர் ஆயத்தம்

வைகாசி பிறந்தால் காரைதீவில் வீடுகள் நிறையத் தொடங்கிவிடும். கண்ணகை அம்மன் கோயில் சடங்குக்குக் கொழும்பிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஊர்ப் பிள்ளைகள் திரும்புவார்கள். அதையொட்டி, செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கும் பாதயாத்திரைக்காரர் கரையோரமாக இந்த வழியால் வருவார்கள். இவர்கள் போக, சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ பிறந்து வெளியூரில் வேலை செய்யும் முஸ்லிம் சிநேகிதர் ஒருவர் குடும்பத்தோடு வந்து நிற்கலாம். விருந்தாளி என்றதும் நாம் முதலில் யோசிப்பது கறியைத்தான். ஆனால் இரவு தங்குகிறவருக்கு முதலில் வேண்டியது கக்கூஸ், பிறகு தண்ணீர், பிறகு நித்திரை. சோறு நாலாவதுதான். அந்த ஒழுங்கிலேயே போவோம்.

அழைப்பதற்கு முன் வீட்டுக்காரியிடம் கேளுங்கள். இந்தக் கிழக்குக் கரையில் தமிழர் வீடானாலும் முஸ்லிம் வீடானாலும், வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போவதுதான் வழக்கம். வாங்க என்று ரோட்டில் நின்று சொல்வது ஆணாக இருக்கலாம். எந்த அறை, எத்தனை பாய் என்பது அவளுடைய கணக்கு.

அடுத்து, வரும் நேரத்தைக் கேட்டு வையுங்கள். கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வருகிறவர்கள் விடியமுன் இறங்குவார்கள். சம்மாந்துறைப் பாதை பிரியும் சந்தியில் இறங்கச் சொல்லி, அங்கே யார் நிற்பார் என்பதையும் முதல்நாளே சொல்லிவிடுங்கள். வந்தவுடன் ஒரு பிளேன்டி, முகம் கழுவத் தண்ணீர், பிறகு படுக்கை. காலைச் சாப்பாட்டுக்கு எழுப்பாதீர்கள். சொந்த வாகனத்தில் அம்பாறைப் பக்கமாக வருகிறவர்கள் பொழுது படுமுன் வந்து சேர்வது நல்லது. அந்த உள்பாதைகளில் இருட்டினால் யானைப் பயம்.

இனி கக்கூஸ். இரவில் ஒருமுறை நீங்களே விருந்தாளி படுக்கும் இடத்திலிருந்து லைட் போடாமல் அங்கே நடந்து பாருங்கள். எங்கே கால் தடக்குகிறது, சுவிச் எந்தப் பக்கம், தாழ்ப்பாள் உள்ளிருந்து சரியாக விழுகிறதா, எல்லாம் அப்போதுதான் தெரியும். கக்கூஸ் வளவுக்குள் தனியாக இருந்தால் வழியில் ஒரு பல்ப் கட்டாயம். கரண்ட் போகலாம் என்பதால் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு டோர்ச் லைட்டும் இருக்கட்டும். உள்ளே நிறைந்த வாளி, கோப்பை, சவுக்காரம், துணி கொழுவ ஒரு ஆணி, மூடியுள்ள குப்பை வாளி. அந்தக் கடைசிப் பொருளைப் பெண்கள் கேட்கமாட்டார்கள், கேட்க வைக்கவும் கூடாது. குந்தி இருக்க முடியாத வயதானவர் வந்தால், கொமட் உள்ள வீட்டில் இருக்கும் தங்கச்சியிடமோ மச்சானிடமோ அவரைத் தங்கவைப்பதே மரியாதை. என் வீட்டுக்கு வந்தவர் என் வீட்டில்தான் படுக்கவேண்டும் என்ற பிடிவாதத்தால் முழங்கால் நோவுள்ள கிழவிகள்தான் பாடுபடுகிறார்கள்.

கிணற்றுக்கட்டு பதிவாக இருந்தால் பிள்ளைகள் வருமுன் மூடி போடுங்கள். குடிதண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, மூடிய பாத்திரத்தில் அறைக்குள்ளேயே வையுங்கள். நமக்குப் பழகிய தண்ணீர் வெளியூர் வயிற்றுக்குப் பழகியதல்ல. வயிற்றோட்டத்துக்கு ஜீவனி இரண்டு பைக்கற்றும் பனடோல் ஒரு கார்ட்டும் அலுமாரியில் இருந்தால் நடுச்சாமத்தில் கடை தேடி அலையவேண்டாம். அதற்கு மேல் போனால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்பியூலன்ஸ் வரும். கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் தூரமில்லை.

நித்திரையைக் கெடுப்பது நுளம்பு. வலையைக் கட்டிப் பகலிலேயே ஓட்டை பார்த்துத் தையுங்கள். விளிம்பைப் பாய்க்கு அடியில் செருகவேண்டும், சும்மா தொங்கவிட்டால் பயனில்லை. டெங்கு நுளம்பு கடிப்பது பகலில் என்பதால் வலை மட்டும் போதாது. பூச்சாடித் தட்டு, சிரட்டை, பழைய டயர் என்று தண்ணீர் தேங்கும் எல்லாவற்றையும் பல நாட்களுக்கு முன்னரே கவிழ்த்துவிடுங்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடித்தால் அறை அனலாகும். அந்த மாதங்களில் விறாந்தையில் பாய் போட்டுக் கொடுப்பது அறையைவிடச் சுகம். மாரியில் எதிர்மாறு: தலகணியும் போர்வையும் ஈரமணம் பிடிக்கும். வெயில் கண்ட நாளில் காயவைத்து எடுத்து வையுங்கள்.

சாய்ந்தமருதுச் சிநேகிதரின் குடும்பம் தங்கினால் செய்யவேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். நாயை இரவில் கட்டிவைத்து, தொழும் இடத்துப் பக்கம் வராமல் பாருங்கள். தொழுமுன் ஒளு செய்யத் தண்ணீர், துப்புரவான விரிப்பு, சுவாமிப் படங்கள் இல்லாத ஒரு மூலை. தொழும் திசையை அவர்கள் கேட்டுத் தேடவேண்டியதில்லை: கடலுக்கு முதுகு காட்டி மேற்கே பார்த்து நின்று கொஞ்சம் வலப்பக்கம் திரும்பினால் கிப்லா. விடியற்காலை ஸுப்ஹுத் தொழுகைக்கு எழும்புவார்கள், அதனால் முன்கதவுத் திறப்பு இருக்கும் இடத்தைக் காட்டி வையுங்கள். கோழி வாங்குவதென்றால் அவர்களுடைய ஊர்க் கடையிலேயே வாங்குங்கள். மீனும் மரக்கறியும் என்றால் அந்தக் கேள்வியே இல்லை. நம்மவர் அவர்கள் வீட்டில் தங்கும்போது வெள்ளிக்கிழமை மச்சம் வைக்காமல் பார்த்துக்கொள்ளும் உம்மாமார் எத்தனையோ பேர். நாம் செய்வது அதற்கு ஈடு, சலுகை அல்ல.

பாதயாத்திரைக்காரர் பெரும்பாலும் கோயிலிலேயே தங்குவார்கள். வயதானவர் யாரையாவது வீட்டுக்குக் கூட்டிவந்தால், முதலில் காலுக்கு இளஞ்சூட்டு உப்புத்தண்ணீர். கொப்புளத்தை உடைக்கவேண்டாம், துப்புரவாகத் துடைத்து மூடிவிட்டால் போதும். மரக்கறிச் சாப்பாடு, அதுவும் நேரத்தோடு. ஏன் நேர்ந்தீர்கள் என்று துருவாதீர்கள். சொல்ல நினைத்தால் அவர்களே சொல்வார்கள். விடியமுன் கிளம்பும்போது சுமையைக் கூட்டும் எதையும் கட்டிக்கொடுக்காதீர்கள். உகந்தை தாண்டினால் குமண, யால காடு. அங்கே ஒவ்வொரு இறாத்தலும் தோளை அறுக்கும். தண்ணீர்ப் போத்தலை நிரப்பிக் கொடுங்கள், அதுவே பெரிய உதவி.

லண்டன் பிள்ளைகளுக்கு வைபை பாஸ்வேர்ட் ஒரு துண்டில் எழுதிச் சுவரில் ஒட்டினால் பாதி முறைப்பாடு தீரும். சதுரமுனைச் சார்ஜர் நம் பழைய வட்டப் பிளக்கில் ஏறாது, ஒரு அடப்டர் வாங்கி வையுங்கள். கடலுக்குத் தனியாக விடாதீர்கள். மாரிக்கடல் என்றால் பெரியவர்களையும் விடாதீர்கள். பகலில் எங்கே கூட்டிப்போவது என்று தலையைப் பிய்க்கவேண்டாம். 1892இல் விபுலானந்த அடிகள் பிறந்த ஊர் இது. யாழ் நூலை எழுதியவர் எந்தத் தெருவில் ஓடி விளையாடினார் என்று நடந்து காட்டினாலே ஒரு பின்னேரம் போய்விடும்.

சமையலுக்கு இப்போது வரலாம், சுருக்கமாக. இரவில் இடியப்பமும் சொதியும். உறைப்பைச் சம்பலில் தனியாக வைத்தால் யாருக்கும் வில்லங்கமில்லை. மத்தியானம் சோறு, மீன், கடைசியில் சட்டித் தயிர். சடங்கு நாட்களில் பல வீடுகளில் மச்சம் இல்லை என்பதை வருகிறவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அள்ளிப் போடுவதை இரண்டாம் முறையோடு நிறுத்துங்கள். பயணம் செய்த வயிறு பாவம்.

பணம் வாங்கித் தங்கவைக்கும் எண்ணம் இருந்தால் அது வேறு கதை. இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் ஹோம் ஸ்டே என்றே ஒரு பிரிவு இருக்கிறது; பதிவு செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

போகும் நாளில் பஸ் சீட்டை முதல்நாளே போட்டு வையுங்கள், சடங்கு முடிந்த கையோடு கொழும்பு பஸ்ஸில் இடம் கிடைப்பது கஷ்டம். அவர்கள் போனபின் விரிப்புகளை ஊறப்போடுமுன் தலகணி உறைக்குள் கையை விட்டுப் பாருங்கள். தோடு, சில்லறை, சார்ஜர் வயர் எல்லாம் அங்கேதான் கிடக்கும். பஸ் சந்தியைத் தாண்டியிராவிட்டால் ஒரு பையனைச் சைக்கிளில் அனுப்பலாம்.