மேக்ரோ எழுதத் தொடங்கியிருக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

நூற்றுக்கு மேற்பட்ட ஸ்லைடுகளின் அடியில் கிடந்த ஒரு வருஷத்தை மாற்றுவதிலேயே ஒரு பகல் கழிந்துவிட்ட அலுப்பில், பவர்பாயிண்டில் மேக்ரோ எழுதக் கற்றே தீருவது என்று நீ செய்துகொண்ட சங்கற்பத்தை உன் கடிதத்தால் அறிந்தேன். சங்கற்பம் நல்லது. ஆனால் நீ காட்டிய உதாரணத்துக்கு மேக்ரோ அவசியமே இல்லை. அடிக்குறிப்பு தனக்குரிய இடத்தில் இருந்திருந்தால், ‘ஹெட்டர் அண்ட் ஃபுட்டர்’ பெட்டியில் ஒருமுறை திருத்தி எல்லா ஸ்லைடுகளுக்கும் சேர்த்து ஏற்றிவிட அரை நிமிஷம் போதும். அப்படியின்றி, உனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர்கள் ஸ்லைடுக்கு ஒரு டெக்ஸ்ட் பாக்ஸாகக் கையால் ஒட்டிக்கொண்டே போனதுதான் உன் பகலைத் தின்றது. ஆகையால் எந்த வேலைக்கும் நிரல் எழுத உட்காருமுன், இது எல்லா ஸ்லைடுகளுக்கும் பொதுவான ஸ்லைடு மாஸ்டரில் தீரக்கூடியதா என்று பார்த்துவிடு. எழுத வேண்டியவற்றில் கணிசமான பங்கு அங்கேயே கழிந்துபோகும்.

மிஞ்சுவதற்கு மேக்ரோ வேண்டும். மேக்ரோவுக்கு வேறொரு பார்வை வேண்டும். நம் கண்ணுக்குச் சித்திரமாகத் தோன்றும் ஸ்லைடு, மேக்ரோ எழுதப்படும் விபிஏ மொழிக்கு ஒரு வம்சாவளியாகவே தெரிகிறது: பிரசன்டேஷனுக்குள் ஸ்லைடுகள், ஸ்லைடுக்குள் ஷேப்புகள், ஷேப்புக்குள் டெக்ஸ்ட் ஃபிரேம், அதற்குள்தான் எழுத்து. கோட்டுக்கும் புகைப்படத்துக்கும் அந்தக் கடைசிச் சந்ததி இல்லை. இருக்கிறதா என்று விசாரியாமல் எழுத்தைக் கேட்டால் மேக்ரோ பாதியில் நின்றுவிடும். இதற்கு மாறாக, அட்டவணைக் கட்டங்களிலும், பலவற்றைச் சேர்த்துக் கட்டிய குரூப்புகளிலும் எழுத்து இருக்கும். மேலோட்டமாகச் சுற்றிவரும் மேக்ரோ அவற்றுக்குள் நுழையாமலே, வேலை முடிந்தது என்ற பாவனையில் வெளியே வந்துவிடும். ‘ரெக்டாங்கிள் 12’ என்று மென்பொருள் தானாக இட்ட பெயர்களை விடுத்து, செலக்‌ஷன் பேனைத் திறந்து, முக்கியமான ஷேப்புகளுக்கு நீயே பெயர் சூட்டி வைப்பாயானால், நிரலும் சுருங்கும், சந்தேகமும் குறையும்.

எக்செல்லில் பழகிய நண்பர்கள், செய்வதை ரெக்கார்டு செய்து அதில் விளையும் நிரலைப் படித்துக் கற்றுக்கொள் என்று உனக்கு உபதேசம் செய்வார்கள். பவர்பாயிண்டில் அந்த வசதி கிடையாது. 97ஆம் பதிப்பில் விபிஏவோடு சேர்ந்து வந்து, 2003 வரையில் இருந்து, 2007இல் நீக்கப்பட்டுவிட்டது. பலர் இதைப் பெரிய நஷ்டமாகக் கருதுகிறார்கள். எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. அந்த நேரத்தில் எதைத் தேர்ந்தெடுத்திருந்தோமோ அதையே பற்றிக்கொண்டு நடக்கும் நிரலைத்தான் ரெக்கார்டர் பெரும்பாலும் தந்தது. வம்சாவளியை அறியாமலே காரியத்தை முடித்துக்கொள்ளலாம் என்ற பிரமையையும் சேர்த்துத் தந்தது.

ஸ்லைடுகளையோ ஷேப்புகளையோ நீக்கும்போது கடைசியிலிருந்து முன்னோக்கி வா. முதலிலிருந்து போனால், மூன்றாவதை நீக்கியதும் நான்காவது அதன் இடத்துக்கு இறங்கிவிட, எண்ணிக்கை நான்குக்குப் போய்விடுவதால், இடையில் ஒன்று தப்பிவிடும். ஒரு டெக்ஸ்ட் பாக்ஸில் பழைய வருஷம் இருமுறை வந்தால், ஷேப்பின் எழுத்தில் நேரடியாக இயங்கும் ‘ரிப்ளேஸ்’ கட்டளை முதலாவதை மட்டுமே மாற்றும் என்பதையும் நினைவில் வை. இனி ஒன்றும் இல்லை என்று அது சொல்லும்வரை திரும்பத் திரும்பக் கேட்கவேண்டும். இவற்றையெல்லாம்விட அபாயகரமானது ‘ஆன் எர்ரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்’ என்ற வரி. பிழை நேர்ந்தால் சொல்லாதே, அடுத்ததற்குப் போ என்று இயந்திரத்துக்கு வாய்ப்பூட்டுப் போடும் அந்த வரியை, ஓரிரு இடங்களில் தக்க காரணத்தோடு உபயோகிக்கலாமேயன்றி, மேக்ரோவின் தலையில் எழுதி வைப்பது, செய்யாத வேலையைச் செய்ததாகக் கையெழுத்திடுவதற்குச் சமானம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

தமிழ் ஸ்லைடுகளில் உனக்கு நேரப்போகும் சங்கடங்களை ஆங்கிலப் புத்தகங்கள் சொல்லமாட்டா. விபிஏ எடிட்டர் யூனிகோடுக்கு முற்பட்ட ஏற்பாட்டில் அமைந்தது. அந்த ஏற்பாட்டில் தமிழுக்கு இடமே ஒதுக்கப்படாததால், நீ நிரலுக்குள் ஒட்டும் தமிழ்ச் சொல் வெறும் கேள்விக்குறிகளாக மாறி நிற்கும். ‘சிஹெச்ஆர்டபிள்யூ’ என்ற செயல்கூறிடம் 2949 என்ற எண்ணைக் கொடுத்து ‘அ’வைப் பெறுவதுபோல், ஒவ்வோர் எழுத்தையும் எண்ணால் வரவழைக்கலாம், அதைவிட, வேண்டிய சொற்களை ஒரு தனி ஸ்லைடில் எழுதி வைத்து மேக்ரோவை அங்கிருந்து படிக்கச் செய்வதே சௌகரியம். எழுத்துருவை மாற்ற ‘ஃபான்ட் நேம்’ என்ற பண்பை மட்டும் மாற்றினால், ரோமன் எழுத்துகள் மாறித் தமிழ் எழுத்துகள் பழைய கோலத்திலேயே நிற்கக்கூடும். தமிழைப் போன்ற லிபிகளுக்கு ‘நேம் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்’ என்று தனியே ஒரு பண்பு உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அமைந்த ஸ்லைடுகளிலோ, திரையில் தெரிவது தமிழ், உள்ளே இருப்பது ரோமன் எழுத்து; யூனிகோடில் எதைத் தேடினாலும் அகப்படாது.

மேக்ரோவைக் கண்டு உன் அலுவலகத்துக் கணினிப் பிரிவினர் முகம் சுளித்தால் கோபித்துக்கொள்ளாதே. 1999இல் வேர்டு மேக்ரோவாக வந்து மின்னஞ்சல் சேவைகளைத் திணறவைத்த மெலிஸா வைரஸிலிருந்து தொடங்கிய பயம் அது. இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களைத் தானாகவே தடுக்கும் ஏற்பாட்டை மைக்ரோசாப்ட் நிறுவனமே 2022இல் கொண்டுவந்தது. ஆகவே பிறருக்குப் போகும் கோப்பில் மேக்ரோவை வைக்காதே. உன் மேக்ரோக்கள் அனைத்தும் உன்னிடமுள்ள ஒரே பிபிடிஎம் கோப்பில் இருக்கட்டும். மேக்ரோவைத் தாங்காத பிபிடிஎக்ஸ் கோப்புகளை அதன் பக்கத்தில் திறந்து வைத்து, ஆல்ட்டையும் எஃப்8ஐயும் சேர்த்து அழுத்தி, வேண்டியதை இயக்கு. இதில் ஒரு கண்ணி உண்டு: ‘ஆக்டிவ் பிரசன்டேஷன்’ என்பது அந்தக் கணத்தில் முன்னால் நிற்கும் கோப்பையே குறிக்கும், அது நீ நினைத்த கோப்பாக இருக்கவேண்டும் என்ற நியதி இல்லை. ஆகையால் ஒவ்வொரு மேக்ரோவின் ஆரம்பத்திலும், எந்தக் கோப்பின்மீது இயங்கப்போகிறது என்று அதன் பெயரைக் காட்டி உன் சம்மதத்தைக் கேட்கும் ஒரு சிறு பெட்டியையும், சம்மதித்தபின் ஒரு நகலைச் சேமித்துவைக்கும் வரியையும் சேர்த்து, நீ முதலில் எழுதும் மேக்ரோவை எனக்கு அனுப்பு.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அண்ணன்