பரிமாறும் கைக்கு உரியது

நுழையும் முன்

உணவகத்தில் உண்டு முடித்தபின் மேசைக்கு வரும் விலைச்சீட்டில் பல தொகைகள் உள்ளன. எது உணவின் விலை, எது அரசைச் சேர்வது, எது நம் விருப்பத்தைச் சார்ந்தது என்பதை அறிந்தவரே தாம் ஏமாறாமலும் பிறரை ஏமாற்றாமலும் கொடுக்க இயலும். அதனை விளக்குவது இப்பாடம்.

அன்பளிப்பு என்பது யாது?

உணவு பரிமாறியவருக்கு உண்டவர் மனமுவந்து அளிக்கும் சிறு தொகையை மக்கள் 'டிப்ஸ்' என்று வழங்குவர். இது விலையும் அன்று; வரியும் அன்று; ஊதியமும் அன்று. விலை கடைக்கு உரியது. வரி அரசுக்கு உரியது. ஊதியம் உரிமையாளர் தொழிலாளிக்குத் தர வேண்டிய கடமை. அன்பளிப்பு ஒன்றே உண்டவரின் விருப்பத்திலிருந்து பிறப்பது.

இவ்வழக்கம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அமெரிக்காவில் 15 முதல் 20 விழுக்காடு வரை அளிப்பது எழுதப்படாத விதி. ஜப்பானில் அன்பளிப்பு தரும் வழக்கமே இல்லை. இந்தியாவில் இத்துணை தர வேண்டும் என்னும் சட்டம் எதுவும் இல்லை.

சேவைக் கட்டணம்

சில உணவகங்கள் உணவின் விலையோடு 'சேவைக் கட்டணம்' என்னும் பெயரில் 5 அல்லது 10 விழுக்காட்டைத் தாமே சேர்த்துவிடுகின்றன. பலர் இதனை அரசு வரி என்றே எண்ணிச் செலுத்துகின்றனர். அரசு வரி என்பது சரக்கு மற்றும் சேவை வரி மட்டுமே. பெரும்பாலான உணவகங்களில் அது 5 விழுக்காடு.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று நெறிமுறைகளை வெளியிட்டது. சேவைக் கட்டணத்தை விலைச்சீட்டில் தாமாகவே சேர்த்தல் கூடாது; வேறு பெயரிலும் பெறுதல் கூடாது; தர மறுப்பவரை உள்ளே விடாமல் தடுத்தலும் கூடாது என அவை கூறின. உணவக உரிமையாளர் சங்கங்கள் இவற்றை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. தில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று அந்நெறிமுறைகள் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. கட்டணம் சேர்க்கப்பட்டிருப்பின் அதனை நீக்குமாறு கேட்கலாம். மறுத்தால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

ஒரு கணக்கு

ஒரு குடும்பம் 1,200 ரூபாய்க்கு உண்டது எனக் கொள்வோம்.

முதல் வகை: சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, 120 ரூபாய். கூடுதல் 1,320. அதன்மேல் 5 விழுக்காடு வரி, 66 ரூபாய். மொத்தம் 1,386.

இரண்டாம் வகை: சேவைக் கட்டணம் இல்லை. 1,200க்கு வரி 60 ரூபாய். செலுத்த வேண்டியது 1,260. பரிமாறியவர் கையில் 120 ரூபாய். மொத்தச் செலவு 1,380.

இரண்டுக்கும் வேறுபாடு 6 ரூபாயே. எனினும் முதல் வகையில் 120 ரூபாய் கடையின் கணக்கில் சேர்கிறது. பரிமாறியவருக்கு அதில் எவ்வளவு சென்றது என்பது உண்டவருக்குத் தெரியாது. இரண்டாம் வகையில் அது உரியவர் கையையே அடைகிறது. ஆகவே, சேவைக் கட்டணத்தை நீக்கச் சொன்னவர் பரிமாறியவரை மறந்து எழுந்துவிடின், உரிமையைக் காத்த அளவுக்கு நன்றியைக் காக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

எவ்வளவு தருவது முறை?

மேசைக்கு வந்து பரிமாறும் உணவகங்களில் உணவின் விலையில் 5 முதல் 10 விழுக்காடு தருவது பரவலான வழக்கம். சிறு சிற்றுண்டிச் சாலைகளில் பத்தோ இருபதோ ரூபாய் போதும். தாமே எடுத்துண்ணும் இடங்களில் தர வேண்டுவதில்லை.

கணக்கிடும்போது வரி சேராத விலையைக் கொள்ளுதல் வேண்டும். பத்தில் ஒரு பங்கு காண்பது எளிது. அதில் பாதியே 5 விழுக்காடு. 860 ரூபாய்க்குப் பத்தில் ஒரு பங்கு 86. அதில் பாதி 43. 50 ரூபாய் எனக் கொடுக்கலாம். தள்ளுபடி பெற்றிருந்தால் தள்ளுபடிக்கு முந்தைய விலையே அடிப்படை. ஏனெனில், விலை குறைந்ததே அன்றிப் பரிமாறியவரின் உழைப்புக் குறையவில்லை.

கைப்பேசி வழியே கடையின் கணக்கில் கூடுதலாகச் செலுத்தினால் அது கடையையே சேரும். ஆதலால் பணமாகக் கையில் தருவது நன்று. சமைப்பவரும் மேசை துடைப்பவரும் கண்ணில் படுவதில்லை. அனைவருக்கும் பகிர்வதற்கென உண்டியல் வைத்துள்ள இடங்களில் அதில் இடலாம்.

உணவு தாமதமாவது பெரும்பாலும் சமையலறையின் குறை. அதற்காகப் பரிமாறியவரைத் தண்டித்தல் அறம் ஆகாது. எத்தொகையாயினும் வீசி எறியாமல், ஒரு நன்றிச் சொல்லுடன் தருவதே அவர் மதிப்பைக் காக்கும்.

சொல்லும் பொருளும்

விழுக்காடு – நூற்றில் பங்கு
நெறிமுறை – பின்பற்ற வேண்டிய வழிமுறை
நுகர்வோர் – பொருளையோ சேவையையோ விலைகொடுத்துப் பெறுபவர்

மதிப்பீடு

அ. பிரித்து எழுதுக: 1. அன்பளிப்பு 2. விலைச்சீட்டு 3. மனமுவந்து

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. சேவைக் கட்டணமும் அரசு வரியும் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. தள்ளுபடிக்கு முந்தைய விலையை அடிப்படையாகக் கொள்வது ஏன்?

இ. கணக்கிட்டு எழுத்தால் எழுதுக.
உணவின் விலை 640 ரூபாய். வரி 5 விழுக்காடு. அன்பளிப்பு 10 விழுக்காடு. மொத்தச் செலவு எவ்வளவு?

ஈ. சிந்தித்து எழுதுக.
'அன்பளிப்புக் கிடைக்கிறது' என்று கூறி ஊதியத்தைக் குறைக்கும் உரிமையாளரின் செயல் முறையானதா? பத்து வரிகளில் எழுதுக.