பதற்றத்தால் உறக்கம் கெடும் இரவுகளில் வெந்நீரின் துணை

1. படுப்பதற்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் முன்னதாக, 40 முதல் 42 பாகை செல்சியஸ் வரை சூடுள்ள நீரில் 10 நிமிடம் குளிக்கவும். தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து, உடலின் உட்சூடு கைகால்களின் வழியே வெளியேறித் தணியும்போது உறக்கம் எளிதில் வருகிறது. படுக்கப் போகும் நேரத்தில் குளித்தால் உட்சூடு தணிய இடமிராது.

2. குளிக்க இயலாதவர்கள் கணுக்கால் மூழ்கும் அளவு வெந்நீரில் பாதங்களை வைத்திருக்கலாம். பாதங்களும் உட்சூட்டை வெளியேற்றும் வாயில்களே. நீரிழிவினால் பாதத்தில் உணர்ச்சி குன்றியவர்கள் இதனைத் தவிர்க்கவும். தோல் வெந்தாலும் அவர்களுக்குத் தெரியாது.

3. மனநல மருந்து உட்கொள்வோர் முதலில் மருத்துவரிடம் கேட்கவும். இது மிக முக்கியமானது. ஏனெனில் அம்மருந்துகளுள் சில வியர்வையைக் குறைத்து உடல் தன் சூட்டைச் சீராக்கிக்கொள்ளும் ஆற்றலைத் தளர்த்துகின்றன. மனநிலை ஏற்றத்தாழ்வைக் கட்டுப்படுத்தும் லித்தியமோ, உடலில் நீர் குறையும்போது இரத்தத்தில் மிகுந்து நஞ்சாகக்கூடும்.

4. கருவுற்றோரும் இதயநோயாளரும் மருத்துவரின் ஒப்புதலின்றி முழு உடலைச் சூடுபடுத்தலாகாது.

5. வெந்நீரிலிருந்து மெதுவாக எழுந்து, தண்ணீர் அருந்தவும். விரிந்த குழாய்களால் இரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரலாம்.

6. வெந்நீர் இதம் தருகிறது என்பதற்காக மருந்தை நிறுத்த வேண்டாம்; அது துணையே தவிர மாற்று அன்று. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் காத்திராமல், இந்தியாவில் இருப்போர் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை உடனே அழைக்கவும்.