கல்லான மரம்



எங்கள் தாமான் கோயிலில் ஞாயிறு சமய வகுப்பை ஆரம்பித்த அண்ணன், வேலை கிடைத்து ஜொகூருக்குப் போய்விட்டார். வகுப்பு என் தலையில் விழுந்தது. ஆறே பிள்ளைகள், எனக்கோ இறுதியாண்டு புரோஜெக்ட். "மூடிடலாம்னு இருக்கேன்க்கா" என்று செயலாளர் அக்காவிடம் சொல்லியும் விட்டேன்.

அந்த வாரம் பாடத்துக்காக சிலிக்கா பற்றித் தேடியபோது, இந்தியாவின் லக்னோ நகரில் உள்ள ஒரு புதைபடிவ ஆய்வு நிறுவனத்தைப் பற்றிப் படித்தேன். அதை உருவாக்கியவர் பீர்பால் சாஹ்னி. 1891-இல் பிறந்தவர். 1921-இல் லக்னோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் துறையின் முதல் பேராசிரியரானார். அவர் ஆராய்ந்தது கல்லாகிப் போன செடிகளையும் மரங்களையும்.

மரம் எப்படிக் கல்லாகும்? மண்ணுக்குள் புதைந்த மரத்தில் சிலிக்கா கரைந்த நீர் ஊறுகிறது. சிலிக்கா ஒவ்வொரு உயிரணுவாகப் படிந்து இறுகுகிறது. மரத்தின் பொருள் பெரும்பாலும் போய்விடும். ஆனால் அமைப்பு அப்படியே நிற்கும். அந்தக் கல்லை மிக மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய உயிரணுச் சுவர்கூடத் தெரியும்!

இந்த ஆய்வுக்கென்றே ஒரு நிறுவனம் வேண்டும் என்பது சாஹ்னியின் கனவு. 1946-இல் அவரும் மனைவி சாவித்திரியும் தங்கள் சொத்து, புத்தகங்கள், சேகரித்த புதைபடிவங்கள் எல்லாவற்றையும் அதற்கே கொடுத்தார்கள். 1949 ஏப்ரல் 3-ஆம் தேதி பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். அது சாதாரணக் கல் இல்லை. புதைபடிவங்கள் பதித்த கல்.

சரியாக ஒரே வாரம். ஏப்ரல் 10-ஆம் தேதி சாஹ்னி மாரடைப்பால் காலமானார்.

கட்டடம் எழும்பவில்லை. கையில் இருந்தது அடிக்கல் மட்டும்தான். அங்கேயே நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் சாவித்திரி அம்மையார் பொறுப்பைத் தம் தோளில் ஏற்றுக்கொண்டார். 1953 ஜனவரி 2-ஆம் தேதி கட்டடம் திறக்கப்பட்டது. இன்று அங்கே விஞ்ஞானிகள் பழங்காலத் தாவரங்களையும் பருவநிலையையும் ஆராய்கிறார்கள். அருங்காட்சியகமும் இருக்கிறது. மாணவர்கள் போய், கல்லான மரத்தைக் கண்ணால் பார்க்கலாம்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆரம்பித்தவர் போய்விட்டால் வேலை மட்கிப் போகத்தான் வேண்டுமா? அடுத்தவர் வந்து ஒவ்வொரு அறையாக நிரப்பினால், அமைப்பு நிற்கும். பலனை எண்ணாமல் கடமையைச் செய் என்று பிள்ளைகளுக்கு நான்தானே சொல்லிக் கொடுக்கிறேன்? தலைகளை எண்ணிவிட்டு மூடப் பார்த்ததும் நான்தான்!

அக்காவுக்கு மறுபடி போன் போட்டேன். "ஞாயிற்றுக்கிழமை சாவி என்கிட்டயே இருக்கட்டும்க்கா."

சிந்திக்க: உங்கள் வட்டாரத்தில் யாரோ ஆரம்பித்து, பாதியில் நிற்கும் நல்ல காரியம் எது? இந்த வாரம் அதில் எந்த ஒரு சிறு பகுதியை உங்களால் நிரப்ப முடியும்?