முதுமையும் கால்களின் பலமும்

கடந்த திருவிழாவில் வீதி சுற்றும்போது என் தாயார் இரண்டாம் சுற்றில் நின்றுவிட்டார். "கால் வருகுதில்லை, தம்பி" என்றார். மூச்சு வாங்கவில்லை, நோவும் இல்லை. வயது எழுபத்தாறு, அப்படித்தான் இருக்கும் என்று நானும் விட்டிருப்பேன். பின்னர் ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மாவின் நடையைப் பார்த்து விளக்கியவையும், நான் வாசித்து அறிந்தவையும் எமது அடியார் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று எண்ணி இதனை எழுதுகிறேன். நான் வைத்தியன் அல்லன், கணக்காளன்.

நடை எப்படி நிகழ்கிறது?

ஒவ்வோர் அடியிலும் பின்காலின் கெண்டைத்தசை இறுகிக் குதிக்காலை உயர்த்தி, முன்பாதத்தால் நிலத்தை உந்துகிறது. அந்த உந்துதலே உடலை முன்னே கொண்டுசெல்கிறது. ஊன்றிய கால் மடிந்துவிடாமல் முன்தொடைத் தசை தாங்குகிறது. இடுப்புத் தசைகள் உடல் பக்கம் சாயாமல் காக்கின்றன.

முதுமை என்ன செய்கிறது?

முப்பது வயதின்பின் தசையின் அளவு பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 சதவீதம் வரை குறைகிறது. அறுபதின்பின் இது இன்னும் வேகமாகிறது. 1989இல் அமெரிக்க ஆய்வாளர் இர்வின் ரோசன்பேர்க் இதற்குச் 'சார்க்கோபீனியா' என்று பெயரிட்டார். அளவைவிடப் பலம் விரைவாகக் குறைகிறது. அதனிலும் விரைவாகக் குறைவது சட்டென்று இயங்கும் ஆற்றல். விரைந்து சுருங்கும் தசை இழைகளே அதிகம் மெலிகின்றன. கால் தடுக்கினால் மறுகாலை உடனே முன்வைத்து விழாமல் தப்புவதற்கு இந்த ஆற்றலே வேண்டும்.

உந்துதல் குறைய அடி குறுகுகிறது. இரு பாதங்களும் நிலத்தில் இருக்கும் நேரம் கூடுகிறது. ஒரே வேகத்தில் நடந்தாலும் முதியோர் இளையோரைவிடக் கணுக்கால், முழங்கால் தசைகளைக் குறைவாகவும் இடுப்புத் தசைகளைக் கூடுதலாகவும் பயன்படுத்துவதை டெவிட்டா, ஹோர்டோபாகி ஆகியோரின் 2000ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஒரு கணக்கில் இருப்புக் குறைய, வேறொரு கணக்கிலிருந்து எடுத்துச் சமாளிப்பது போன்றது இது.

இழந்தது திரும்புமா?

திரும்பும். 1990இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பராமரிப்பு இல்லத்தில் வாழ்ந்த, தொண்ணூறு வயதை அண்டிய பத்துப் பேர் பாரம் தூக்கும் கால் பயிற்சியைத் தொடங்கினர். எட்டு வாரங்களை நிறைவுசெய்த ஒன்பது பேரின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. ஆகவே இது கட்டடத்தின் பெறுமானத் தேய்வு போன்றதன்று. இங்கே மீண்டும் வரவு வைக்கலாம்.

ஊரிலே அம்மா நாளொன்றுக்கு எத்தனை முறை திருவலையிலிருந்தும் பாயிலிருந்தும் எழும்பியிருப்பார்! அது அறியாமலே செய்த பயிற்சி. இங்கே லிப்ட், கார், சோபா. தேத்தண்ணியும் இருந்த இடத்துக்கே வருகிறது. பாசத்தினால் நாமே அந்தக் கால்களுக்கு வேலை இல்லாமற் செய்துவிட்டோம்.

வீட்டில் செய்யக்கூடியவை

1. சில்லில்லாத உறுதியான கதிரையைச் சுவரோடு வைத்து, மெதுவாக எழும்பி மெதுவாக இருத்தல்; 5 முதல் 10 தடவை. முடியாதவர்கள் கைபிடியை ஊன்றித் தொடங்கலாம்.

2. சமையலறை மேடையைப் பிடித்தபடி குதிக்கால்களை உயர்த்தி இறக்குதல், 10 தடவை.

3. நாள்தோறும் இயன்ற அளவு நடத்தல்.

65 வயதைத் தாண்டியவர்கள் பலத்துக்கும் சமநிலைக்குமான பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாட்களாவது செய்யவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது. இருதய நோய், பாத விறைப்பு, தலைச்சுற்று உள்ளவர்களும் அண்மையில் விழுந்தவர்களும் முதலில் வைத்தியரைக் கேளுங்கள். திடீரெனக் கால் பலவீனமானால் அது முதுமையன்று. உடனே அவசர சிகிச்சை பெறவேண்டும். பருப்பு, கடலை, தயிர் போன்ற புரத உணவும் தசைக்குத் தேவை.

அம்மா இப்போது கை ஊன்றாமல் ஏழு முறை எழும்புகிறார். மூன்றாம் சுற்று இனித்தான். கோயிலில் பெரியவர்கள் எழும்பும்போது ஓடிப்போய்த் தூக்காதீர்கள். அருகில் நில்லுங்கள், முடிந்தவரை அவர்களே எழும்பட்டும்.