வால்வு மாற்றிய பின்னும் மூச்சு வாங்குகிறதா?

இதய வால்வு அறுவை சிகிச்சைக்குப் பிறகு மூச்சிரைப்பும் அசதியும் நீடித்தால், 'படுத்தே இருங்கள்' என்பார்கள் வீட்டார். அது அரைகுறை யோசனை. வால்வு சரியானாலும் படுக்கையில் தளர்ந்த தசை தானாக மீளாது. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் தினமும் நடந்தால்தான் மீளும். தையல் பிரியாதா? திறந்த நெஞ்செலும்பு ஒன்றுசேர 6 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை ஒரு கேலன் பால் அளவு கனத்தைத் தூக்குவது ஆகாது, ஆனால் நடக்கலாம். வெளியே குளிரானால் மாலுக்குள் நடக்கலாம். மெடிகேர் உள்ளவர்களுக்கு 36 அமர்வுகள் வரை இதய மறுவாழ்வுப் பயிற்சி உண்டு, கேட்டு வாங்குங்கள். ஆனால் எல்லா மூச்சிரைப்பும் வெறும் பலவீனமல்ல. ஒரே நாளில் எடை 3 பவுண்டு கூடினாலோ, கால் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரை அழையுங்கள். நெஞ்சு வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ 911.