பிடியரிசிப் பானை



உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று எடுத்து வைப்பது நம் சபைகளின் பழைய வழக்கம். மிசோரம் சபைப் பெண்கள் 1910-இல் தொடங்கி, இன்றும் இதனால் ஊழியத்தைத் தாங்குகிறார்கள்.

2011 முதல் ரேஷன் அரிசி இலவசமாயிற்றே, இனி எதற்கு என்பீர்கள். வார்டில் துணையிருக்கும் தென்காசித் தாய்க்குப் பீடி சுற்றாத நாளில் கூலியில்லை. வீடு திரும்பினால் பருப்புக்கும் எண்ணெய்க்கும் காசிராது.

போவாஸ் கதிர்களை வேண்டுமென்றே சிந்தவிடச் சொன்னான் (ரூத் 2:16). ரூத் கையேந்தவில்லை, தானே பொறுக்கினாள், ஒரு மரக்கால் சேர்ந்தது. நானோ முன்பு பெயரெழுதி வரிசையில் நிறுத்தினேன். ஒரு பாட்டி வரிசையைக் கண்டு வெறுங்கையாய்ப் போய்விட்டார். இப்போது டிஸ்சார்ஜ் சீட்டோடு பையையும் கட்டிலருகே வைத்துவிடுகிறோம்.

துவரம்பருப்பு அனுப்புங்கள். குற்றாலச் சாரலில் பூச்சி விழும். நாலு காய்ந்த மிளகாய் போட்டுக் கட்டுங்கள்.